கடைசி நிலையத்தில் ஏறுகிறவர்கள்

பல்மேரா, ஜகார்த்தா
3 ஜூன் 2017

மாஸ் தர்மிந்தோவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீங்கள் அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுவீர்கள். பத்தொன்பது வருடமாக உங்களுக்குக் கடிதம் எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்றுவிட்டார். நோன்பு திறக்கிற நேரத்தில் ஒரு தட்டு பேரீச்சம்பழத்தோடு வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். இந்த மனிதர் சும்மா எதையும் கொடுக்க மாட்டாரே! "கோவிச்சுக்காதே லேலா, பிள்ளைங்க மூணு பேரும் பங்கு கேக்குறாங்க. டிசம்பர் கடைசி வரைக்கும் தாராளமா இருந்துக்கோ" என்றார். பழத்தைத் தின்றுவிட்டுத்தான் பதில் சொன்னேன். போகிறோம் என்றேன்.

இப்போது கொடுக்கிற வாடகைக்கு ஜகார்த்தாவுக்குள் நமக்கு இனி இடம் கிடையாது. எங்கள் பல் செட் பட்டறையில் ஒன்பது பேர் வேலை செய்கிறோம். அதில் ஏழு பேர் ஏற்கெனவே மேற்கு ரயில் பாதையை ஒட்டி ஏதாவது சின்ன ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். தினமும் ரயிலில் வருகிறார்கள், ரயிலில் போகிறார்கள். நானும் அதைத்தான் செய்யப்போகிறேன். எட்டு மணிக்கு, பட்டறைக்குப் பக்கத்து நிலையமான தானா அபாங்கில் இருக்க முடிகிற ஊராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

இரண்டாவது செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். உங்கள் கலங்கரை விளக்க அலுவலகத்திலிருந்து போன் வந்தது. துறைமுகத்தில் விளக்கு பழுதுபார்க்கிற பட்டறையில் ஜனவரியில் ஓர் இடம் காலியாகிறதாம். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. "தர்மிந்தோ இந்தத் தடவை கேட்டா கண்டிப்பா கிடைக்கும். கரைக்கு வர்றதா, இல்ல தீவுலயே இன்னும் மூணு வருஷம் இருக்கறதான்னு நவம்பர் கப்பல்ல கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லும்மா" என்றார்கள்.

கரையில் இடம் கிடைத்தால் வந்துவிடுவேன் என்று நீங்கள் கல்யாணத்தன்று என்னிடம் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை. மகளும் படிக்க செமாராங் போய்விட்டாள். இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்தியே பேசி ஒருத்தியே பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆகையால் இது எனக்கு மட்டும் தேடுகிற ஊர் இல்லை, நமக்கு. எந்த ஊர் என்று யோசித்து எழுதுங்கள்.

லேலா


தீவு
21 ஜூன் 2017
காற்று தென்கிழக்கு, மிதம். பார்வைத் தூரம் பதினான்கு மைல்.

லேலா,

உன் கடிதத்தை மீன்பிடிப் படகுக்காரர் கொண்டுவந்தார். உறையில் மீன்வாடை. எழுத்து நன்றாக இருந்தது.

ஊர் விஷயம். நீ உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக்கூடாது என்பதற்காக நான் முறையாகச் செய்திருக்கிறேன். இங்கே சுவரில் மேற்கு ஜாவா படம் போட்ட காலண்டர் இருக்கிறது. கவராயத்தை எடுத்து, துறைமுகத்தில் ஒரு முனையை வைத்து, ஒவ்வோர் ஊருக்கும் அளந்தேன். உன் மேற்கு ரயில் ஊர்கள் எல்லாம் இருபத்தைந்து, முப்பது, நாற்பது கடல் மைல் வருகின்றன. எதற்கு அவ்வளவு தூரம்?

முவாரா கெம்போங். பன்னிரண்டே கடல் மைல். கடற்கரை ஊர், கூட்டமில்லை. இங்கே என்னோடு விளக்கு பார்க்கிற வாகிடின் அண்ணனையும் மறுபடி அளக்கச் சொன்னேன். அவருக்கும் பன்னிரண்டுதான் வந்தது. அங்கே வீடு பார்.

கரைக்கு வருவது பற்றி நவம்பருக்குள் யோசிக்கலாம். அவசரம் இல்லை.

நோன்பு முடியப்போகிறது. உன் கையால் ஓலையில் கட்டி வேகவைத்த கேத்துப்பாத் சோறு நினைவுக்கு வருகிறது. வாகிடின் அண்ணன் வாழையிலையில் அரிசி கட்டினார், அவிழ்ந்து கஞ்சியாகிவிட்டது. அதையும் தின்றோம்.

தர்மிந்தோ


பல்மேரா
8 ஜூலை 2017

மாஸ்,

உங்கள் கடிதத்தை ரயிலில் பெண்கள் பெட்டியில் வைத்து உரக்கப் படித்துக்காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பத்தொன்பது வருடத்தில் நீங்கள் இத்தனை பேரைச் சிரிக்க வைத்தது இதுதான் முதல் தடவை.

துறைமுகத்திலிருந்து முவாரா கெம்போங்குக்கு நீங்கள் போட்ட கோடு கடல் மேலே போகிறது மாஸ்! குடாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நான் என்ன தினமும் காலையில் சோற்று டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தி வருவதா? நீங்களும் வாகிடின் அண்ணனும் ஆளுக்கொரு தடவை அளந்து, இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லையே. தரையில் இருக்கிறவர்கள் யாரும் நேர்கோட்டில் போவதில்லை.

இருந்தாலும் நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பெகாசி வரை ரயில், அப்புறம் ஒரு வேன், அப்புறம் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு மணி நேரம். நான்கு மணி நேரம் ஆயிற்று. அந்த மோட்டார் சைக்கிள் ஆளிடம் தினமும் ஜகார்த்தாவுக்குப் போய் வரலாமா என்று கேட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "தினமுமா? அக்கா, இங்கேருந்து மீனே தினமும் போறதில்ல" என்றான். இறால் நல்ல இறால். வாங்கி வந்து பொரித்தேன்.

நான் ஊரை எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். படத்தில் பார்ப்பதில்லை. எங்கள் பட்டறைப் பெண் ஒருத்தி வீட்டில் ஞாயிறு தங்கி, திங்கள் காலை அவளோடு கிளம்பி வேலைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊரும் நல்ல ஊர்தான். திங்கள் காலையில்தான் அது தன் பல்லைக் காட்டும். வீட்டிலிருந்து நிலையம் எட்டு நிமிடம் என்பார்கள், ஆனால் நடுவில் ரயில்வே கேட் இருக்கும். கேட் மூடினால் எட்டு நிமிடம் இருபதாகிவிடும். அதையெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். நின்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. மஸ்னா அக்காவை உங்களுக்குத் தெரியும், மேல்வரிசைப் பல் அடுக்குகிறவர். மாஜாவில் இருக்கிறார். மாஜாவில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். ஆகையால் அங்கே பாதிப் பேர் எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஏறி, கடைசி நிலையமான ரங்காஸ்பிதுங் வரைக்கும் போய், இறங்காமல் அப்படியே உட்கார்ந்து திரும்பி வருகிறார்கள்! எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. "முக்கால் மணி நேரம் போனா போகட்டும்டி, என் முட்டி தப்பிக்குதுல்ல" என்கிறார் அக்கா.

எனக்கு இதுவரை பிடித்தது சிலேஜித். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். முன்வாசலில் கொய்யா மரம் உள்ள ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். கேட் நடுவில் இல்லை. என்ன சொல்கிறீர்கள்?

லேலா


தீவு
30 ஜூலை 2017
காற்று கிழக்கு, பலம். பார்வைத் தூரம் பதினொன்று.

லேலா,

கோடு கடல் மேலே போனது உண்மைதான். எனக்குத் தெரிந்த தூரமெல்லாம் கடல் மேலேதான் போகும். அதற்காகப் பெட்டி முழுக்கப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. மஸ்னா அக்காவின் முகத்தில் இனி நான் எப்படி விழிப்பது?

சிலேஜித் வேண்டாம். நீ எழுதியதிலிருந்தே தெரிகிறது, வீட்டுக்கு எதிரே வீடு, அதற்குப் பின்னால் இன்னொரு வீடு. கொய்யா மரத்தைப் பற்றி எழுதினாய், வானம் எவ்வளவு தெரிகிறது என்று எழுதவில்லை. நீ எல்லா ஊரையும் ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கிறாய். ஓர் ஊரில் ஒருவன் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கவும் வேண்டும் அல்லவா?

மாஜா எப்படி? புது வீடுகள், சுற்றிலும் வயல், காலி நிலம் என்று வாகிடின் அண்ணனின் மைத்துனர் சொல்கிறார். நான் இல்லாமல் முடிவு செய்யாதே. ஆகஸ்ட் பத்தாம் தேதி கப்பலில் விடுப்பில் வருகிறேன். இருபத்தெட்டு நாள். எல்லா ஊரையும் சேர்ந்து பார்ப்போம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இருப்பேன்.

உனக்குப் பிடித்த உலர்ந்த கணவாய் கொண்டுவருகிறேன்.

தர்மிந்தோ


பல்மேரா
2 செப்டம்பர் 2017

மாஸ்,

நேற்றுப் பெருநாள். நான்கு வீட்டிலிருந்து கறி வந்தது. நீங்கள் இருப்பதாக நினைத்து இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். "எங்கே உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டவர்களிடம் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். பெருநாள் அதுவுமாக என்னைப் பொய் சொல்ல வைத்தீர்கள். கறியைச் சமைத்து, தனியாக உட்கார்ந்து, மூன்று நாளுக்கு வரும்படி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினாறு நாள் பாக்கி இருந்தபோது கப்பல் ஏறிப் போய்விட்டீர்கள். நான் வேலையிலிருந்து வந்தால் மேசை மேல் சாவியும் ஒரு வரியும். 'ஊர் எதுவும் சரியில்லை. நீயே பார்த்துக்கொள்.' எனக்கு வந்த கோபத்தில் உங்கள் கணவாயை அடுத்த வீட்டுப் பூனைக்குப் போட்டுவிட்டேன். பூனை என்ன பாவம் செய்தது, அதற்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே எழுந்து வெளியே போக முடியாது.

ஏழு ஊர் காட்டினேன். சிலேஜித்தில் வீடுகள் நெருக்கம் என்றீர்கள். தாருவில் தண்ணீர் சுவை பிடிக்கவில்லை. தெஞ்சோவில் சந்தை சத்தம். நீங்களே கேட்ட மாஜாவுக்குப் போனோம், சுற்றிலும் வயல், தலைக்கு மேலே உங்களுக்குப் பிடித்த வானம் மொத்தமும் இருந்தது. அங்கே என்ன சொன்னீர்கள்? "தெருவெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, என் வீட்டை நானே கண்டுபிடிக்க மாட்டேன்." சரி என்றேன். அதற்கும் சரி என்றேன்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. என்னோடு வேலைநாளில் ஒரு தடவை வந்து பாருங்கள் என்று நான்தான் கூட்டிப்போனேன். தானா அபாங்கில் இறங்கினோம். என் கையைப் பிடித்திருந்தீர்கள். படிக்கட்டில் திரும்பிப் பார்த்தால் கை இல்லை, நீங்கள் இல்லை. முக்கால் மணி நேரம் பிளாட்பாரம் பிளாட்பாரமாகத் தேடினேன். அன்று எனக்குப் பாதிச் சம்பளம் போயிற்று, அது கிடக்கட்டும். உங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று தண்டவாளத்தையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேனே, அதற்கு யார் பதில் சொல்வது? மாலையில் வந்தால் வீட்டில் உட்கார்ந்து செருப்புக்கு நூல் கோத்துக்கொண்டிருக்கிறீர்கள்! "கூட்டம் ஜாஸ்தி, திரும்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை. மறுநாளே கப்பல்.

மாஸ், ஊரில் குறை இல்லை. நீங்கள் வரப் பயப்படுகிறீர்கள். வராமல் இருப்பதற்கு ஊர் ஊராகக் காரணம் தேடுகிறீர்கள். பயம் என்றால் பயம் என்று என்னிடம் சொல்வதில் என்ன கேவலம்? நான் உங்கள் மனைவியா, உங்கள் மேலதிகாரியா?

பதில் எழுதுங்கள். காற்று, பார்வைத் தூரம் எதுவும் எனக்கு வேண்டாம்.

லேலா


தீவு
25 செப்டம்பர் 2017

லேலா,

எழுதியது சரி. மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் சரியாகவே இருந்தது.

நவம்பர் கப்பலில் இன்னும் மூன்று வருடத்துக்குத் தீவில் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். நீ கொய்யா மர வீட்டை எடுத்துக்கொள். உனக்கு அது நல்ல ஊர். வருடத்துக்கு இரண்டு தடவை வருவேன், இப்போது போலவே. இப்படியும் பத்தொன்பது வருடம் ஓடவில்லையா?

இங்கே முடித்துவிட்டு உறையை ஒட்டினேன். படகு வருவதற்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

நீ கேட்டாய், சொல்கிறேன். அந்தப் படிக்கட்டில் என் கை நழுவவில்லை. நான்தான் விட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு ரயில் வந்து நின்றது. எல்லாக் கதவும் திறந்தது. முன்னால் முதுகு, பின்னால் மூச்சு. எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரியவில்லை. காதில் ஏதோ அடைத்துக்கொண்டது. என்னால் ஒரு கணம் உன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. சுவரைத் தடவிக்கொண்டே போய் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டு தடவை என்னைக் கடந்து போனாய். குரல் கேட்டது. வாய் திறக்கவில்லை.

இங்கே எதுவும் திடீரென்று வருவதில்லை லேலா. பதினான்கு மைல் தூரத்தில் முதலில் புகை, பிறகு பாய்மரக் கம்பம், பிறகு கப்பல். நான் தயாராக நேரம் இருக்கும். இப்படியே இருந்து பழகிவிட்டேன். இரண்டு சிறிய கப்பல்களைப் புயலில் வழிகாட்டி உள்ளே கொண்டுவந்திருக்கிறேன், அலுவலகத்தில் பாராட்டுக் கடிதம்கூட இருக்கிறது. அப்படிப்பட்டவன் ஒரு ரயில் நிலையத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தான் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? நீ அதைப் பெட்டியில் படித்துக்காட்டுவாயோ என்றும் இருந்தது.

படித்துக்காட்டாதே.

தர்மிந்தோ


பல்மேரா
14 அக்டோபர் 2017

மாஸ்,

படித்துக்காட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. கைப்பைக்குள், சோற்று டப்பாவுக்கு அடியில், மடித்து வைத்திருக்கிறேன். அன்று உங்களைக் கடந்து இரண்டு தடவை போனேன் என்பதைப் படித்தபோது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். அழுதுகொண்டே யோசிக்க எனக்கு வராது.

போன வாரம் மஸ்னா அக்கா வீட்டுக்குப் போக மாலை ரயில் ஏறினேன். தூங்கிவிட்டேன். மாஜா தாண்டி, ரங்காஸ்பிதுங்கில் துப்புரவு செய்கிற பெண் என் காலைத் துடைப்பத்தால் தட்டி எழுப்பினாள். "இதுக்கு மேல தண்டவாளம் இல்லக்கா, எழுந்திரு." அங்கே எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த பெண்ணின் மாமியார் வீடு இருக்கிறது. அங்கேயே படுத்துவிட்டு, காலையில் நிலையத்துக்கு வந்தேன்.

மாஸ், ரயில் காலியாக நின்றுகொண்டிருந்தது! எல்லாக் கதவும் திறந்து, விளக்கெல்லாம் எரிந்து, கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போதே. யாரும் யாரையும் தள்ளவில்லை. எனக்குப் பிடித்த இடத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே ஒரு பெண் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டாள். கிளம்பியது. முதல் நிலையத்தில் நான்கு பேர். மாஜாவில் இருபது. தெஞ்சோவில் இன்னும் கொஞ்சம். கூட்டம் எங்கேயோ இருந்து நம் மேல் விழவில்லை, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யார் எங்கே ஏறினார்கள் என்று என்னால் சொல்ல முடியும். தானா அபாங் வந்தபோது பெட்டி எப்போதும் போலப் பிதுங்கியது, ஆனால் எனக்குப் புதிதாக ஒருவரும் இல்லை. எல்லாரும் தூரத்திலிருந்தே வந்தவர்கள்.

அப்போதுதான் உங்கள் புகையும் கம்பமும் நினைவுக்கு வந்தது.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். ரங்காஸ்பிதுங். தானா அபாங்குக்கு இரண்டு மணி நேரம். சிலேஜித்தைவிட ஐம்பது நிமிடம் அதிகம்தான். ஆனால் உட்கார்ந்து வருவேன், தூங்குவேன், சட்டைக்குப் பொத்தான் தைப்பேன், உங்களுக்குக் கடிதம் எழுதுவேன். தியாகம் என்று நினைத்து நீங்கள் உருக வேண்டாம், என் முட்டிக்கும் நாற்பத்திரண்டு வயது. ஊர் சின்னது, ஆனால் பழைய ஊர். நடுவில் ஒரு மைதானம், அதைச் சுற்றி மாலையில் ஆட்கள். வீடு நிலையத்திலிருந்து ஒன்பது நிமிடம், கேட் இல்லை. தெருவில் எந்த வீடும் இன்னொரு வீடு மாதிரி இல்லை, நம்முடையதற்குப் பச்சைக் கதவு. மாடியில் துணி உலர்த்துகிற இடம், அங்கே நின்றால் வானம் நான்கு பக்கமும் தெரிகிறது. எழுதவில்லை என்று மறுபடி சொல்லாதீர்கள். ஒரு வருடத்துக்குப் பேசி முடித்துவிட்டேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் டிசம்பரில் நான் போகிறேன்.

வருவதாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் முதல் பெட்டியில் இருப்பேன், அது பெண்கள் பெட்டி. நீங்கள் அதில் ஏற முடியாது. நானும் உங்களோடு வந்து ஏறமாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் வரலாம், தினமும் வர முடியாது. நடுவில் நான்காவது பெட்டியில் ஏறி, இடது பக்க மூலையில் உட்காருங்கள். தானா அபாங்கில் இறங்கினால் நேர் எதிரே மஞ்சள் கோடு போட்ட தூண் இருக்கிறது. அதற்கு முன்னால் நில்லுங்கள், பின்னால் அல்ல. கூட்டத்தோடு நகராதீர்கள், என்னைத் தேடி வராதீர்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், நான் வந்து உங்களைக் கண்டுபிடித்து, துறைமுகத்துக்குப் போகிற அடுத்த ரயிலில் ஏற்றிவிடுகிறேன்.

நிற்பது உங்களுக்குத் தெரியாத வேலையா என்ன? அதற்குத்தானே பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கினீர்கள்.

லேலா


தீவு
19 நவம்பர் 2017
காற்று மேற்கு, ஈரம். பார்வைத் தூரம் ஒன்பது.

லேலா,

கப்பல் தெரிகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நங்கூரம் போடும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ பிடித்திருக்கிற ஊரைப் பற்றிச் சொன்னதிலிருந்து வாகிடின் அண்ணன் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. நேற்றுச் சோறு போடும்போதுதான் வாயைத் திறந்தார். "ஒரு பொம்பளை உனக்காக ரயிலோட கடைசி வரைக்கும் போயி ஊர் புடிச்சு வச்சிருக்கா. நீ இங்கே உக்காந்து கண்ணாடி தொடச்சிட்டிருக்கே. எனக்கு அந்த மாதிரி ஒருத்தி இருந்தா நான் நீந்தியே போயிருப்பேன்டா" என்றார். அவர் மனைவி இறந்து எட்டு வருடம்.

சில விஷயங்கள் கேட்க வேண்டும். அந்த மூலை இருக்கையில் ஜன்னல் திறக்குமா? எத்தனை நிலையம்? வரிசையாக எழுதி அனுப்பு, மனப்பாடம் செய்கிறேன். தூணில் மஞ்சள் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது? எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

கரைக்கு வருவதாகக் கையெழுத்துப் போட்டாயிற்று. இந்தக் கடிதமும் அந்தக் காகிதமும் ஒரே பையில் போகின்றன.

பச்சைக் கதவு என்றால் எந்தப் பச்சை?

தர்மிந்தோ


நான்காவது பெட்டி
திங்கள், 8 ஜனவரி 2018

5.05. ரங்காஸ்பிதுங் விட்டோம். காற்று: கூரையிலிருந்து, குளிர். பார்வைத் தூரம்: பெட்டியின் அந்தக் கடைசி வரை. நீ சொன்ன மூலை கிடைத்தது. ஜன்னல் திறக்காது. நீ அதை எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

5.13. சித்தெராஸ். ஐந்து பேர். ஒருவர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருக்கிறார்.

5.26. மாஜா. எண்ணினேன், இருபத்தாறு பேர். உன் மஸ்னா அக்காவின் கணவர் என்று ஒருவர் தானாகவே வந்து வணக்கம் சொன்னார். "கடல்ல கோடு போட்டவர் நீங்கதானே?" என்றார். இந்த ஊரில் நான் முகம் காட்ட முடியாது போலிருக்கிறது.

5.44. தெஞ்சோ. இருக்கை எல்லாம் நிறைந்துவிட்டது. இதுவரை நலம்.

6.08. பாருங் பாஞ்சாங். எண்ணுவதை விட்டுவிட்டேன். உள்ளங்கை வியர்க்கிறது. எதிரே நிற்பவர் தெஞ்சோவில் ஏறியவர், அவருக்குப் பின்னால் இருப்பவர் மாஜா. தெரிந்த முகங்கள். சமாளிக்கலாம்.

6.25. செர்போங். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி ஏறினாள். எழுந்துவிட்டேன். யோசிக்காமல் எழுந்துவிட்டேன் லேலா, எழுந்த பிறகுதான் யோசித்தேன். மூலை போய்விட்டது. இப்போது நடுவில் நிற்கிறேன். நான்கு பக்கமும் ஆள். இது நம் திட்டத்தில் இல்லை.

6.40. காது அடைக்கிறது. நிலையங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவன் என் தோளில் தலையைச் சாய்த்து நின்றபடியே தூங்குகிறான். நகர்ந்தால் விழுந்துவிடுவான். அதனால் நகரவில்லை.

6.52. பல்மேரா. நம் பழைய தெரு கடந்து போனது. தலை குனிந்து பார்க்க முடியவில்லை. அவன் இன்னும் தூங்குகிறான். பாவம், எத்தனை மணிக்கு எழுந்தானோ.

7.02. தானா அபாங். அவனை எழுப்பினேன். கதவு திறந்தது. இறங்கினேன். இரண்டு ரயில் ஒரே நேரத்தில் வந்தது, அன்று போலவே. மஞ்சள் கோடு என் மார்பு உயரத்தில் இருக்கிறது. இதைத் தூணில் வைத்து எழுதுகிறேன். முன்பக்கம். எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், யாரும் என் மேல் மோதவில்லை.

உன் முகம் நினைவிருக்கிறது. வா.


(அதே தாளின் பின்பக்கம்)

முதல் பெட்டி, திரும்பும் ரயில்
8 ஜனவரி, மாலை

மாஸ்,

இந்தத் தாளை என் கையில் திணித்துவிட்டு, அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டீர்கள். பகல் முழுக்க என் மேசையில், யாருடைய கீழ்வரிசைப் பல்லுக்கோ பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நீங்கள் எனக்கு மூன்று பெட்டி பின்னால் இருக்கிறீர்கள். இறங்கினதும் இதைக் கொடுப்பேன்.

காலையில் பெட்டியிலிருந்து இறங்கும்போதே உங்களைப் பார்த்துவிட்டேன். அத்தனை பேர் ஓடுகிற இடத்தில் நிற்கிறவர் நீங்கள் ஒருவர்தான். தேடவே வேண்டியிருக்கவில்லை.

கதவுக்குப் பச்சை பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நீங்களே மாற்றி அடியுங்கள். புதன்கிழமையும் அந்தத் தூணுக்கு முன்னால் நில்லுங்கள்.

லேலா